விரலில் போட்ட கோடு

எனக்க மாப்பிள ராஜதாஸ் அடுப்பில கொதிச்ச சட்டியை வெறும் கையால இறக்கி வச்சாரு. இடதுகை சுண்டுவிரல் பொள்ளிக் கொப்பளிச்சு வெளுத்துப்போச்சு. மனுஷன் ஒண்ணும் தெரியாம கெடந்து கப்பைக்கிழங்கைத் தின்னுட்டிருக்காரு! கேட்டா, ரப்பர்ப் பால் உறைய ஊத்துற ஆசிட்டு பட்டுத் தொலி தடிச்சுப்போச்சாம். எங்க ஆரியங்கோட்டில ரப்பர் வெட்டுற எல்லாரும் சொல்றதுதான். நானும் நம்பத்தான் பாத்தேன். ஆனா ஆசிட்டு ரெண்டு கையிலயும்தானே படுது, இடதுகை மட்டும் எப்பிடி மரத்துப்போவும்?

ஆசுபத்திரிக்கு வாங்கண்ணு சொன்னா என் மேல சாடி விழுவாரு. காரணம் எனக்குத் தெரியும். அவருக்க மாமனுக்குக் குஷ்டம். வெளிய சொல்லாம ஒளிச்சு வச்சு, கடைசியில விரலெல்லாம் மடங்கிப்போச்சு. சபைக் கோயில்ல அவரு இருந்த பெஞ்சில வேற ஆளு உக்காரல்ல. இப்பம் மருந்து உண்டு, சரியாவும். விரல் மடங்குறதுக்கு முன்ன போணும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல எனக்கும் பயம்.

இந்த லட்சணத்தில, சனிக்கிழமை காலம்பற சபைப் பெண்களுக்குப் படம் வரையப் படிப்பிச்சாங்க. நெய்யாற்றின்கரையிலேருந்து வந்த பிரசீதா டீச்சர் பூவோ மயிலோ சொல்லித்தருவாண்ணு பாத்தா, கண்ணை மூடச் சொன்னா. பக்கத்தில இருக்கவ நம்ம விரலில பென்சில் முனையால கோடு போடணுமாம். தொலிக்குத் தெரிஞ்சதை மறுகையால பேப்பரில வரையணுமாம். வேற வேலை இல்லியாண்ணு வாய்வரைக்கும் வந்தது. பக்கத்தில இருந்த ஜிஜி எனக்க சுண்டுவிரலில வளைச்சு ஒரு கோடு இழுத்தா. என் பென்சிலும் அப்பிடியே வளைஞ்சு போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அவருக்க சுண்டுவிரல்தான் கண்ணில வந்தது. பென்சிலும் பேப்பரும் கேட்டு வாங்கிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒரு விளையாட்டுண்ணு சொல்லி அவரைக் கண்ணை மூட வச்சேன். இடதுகைப் பெருவிரலில வட்டம் போட்டேன். பேப்பரில வட்டம் வந்தது. அடுத்த விரலில பெருக்கல் குறி போட்டேன், அதும் வந்தது. நான் உன்னைவிட நல்லா வரைவேனாக்கும்ண்ணு பீத்திக்கிட்டாரு. மோதிரவிரலில கோடு இழுத்தேன். அவருக்க பென்சில் அசையல்ல. சுண்டுவிரலில அழுத்தி இழுத்தேன். தொலி குழிஞ்சுது. அவரு கண்ணை மூடி, சிரிச்ச முகமா, நான் தொடுவேண்ணு காத்துட்டிருந்தாரு. கர்த்தாவே, அந்தச் சிரிப்பை என்னால பாக்க முடியல்ல.

பென்சிலைப் போட்டுட்டு அந்த ரெண்டு விரலையும் என் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சேன்.

"கிருபே, எழும்பிப் போயிட்டியா?"ண்ணு கேட்டாரு.

"கண்ணைத் திறங்க"ண்ணேன்.

திறந்தாரு. என் கைக்குள்ள இருந்த விரலையும் பேப்பரையும் மாறி மாறிப் பாத்தாரு. முகம் வெளிறிப்போச்சு.

"என்னைத் தொடாதே"ண்ணு கையை உருவப் பாத்தாரு.

நான் விடல்ல. ஆசுபத்திரிக்குப் போகச் சட்டையைப் போட வச்சு, அதே கையைப் பிடிச்சுட்டுத்தான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தேன்.