ஏரிக்குள் ஓடிய மொபெட்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடை. திருநீர்மலைக்குப் பக்கத்து ஏரி வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே யேசுதாசன் தன் பழைய மொபெட்டைக் கிளப்பி, பதினோரு வயது மகள் பேபியிடம் கொடுத்தான். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் ஃபிட்டர் அவன். மகள் வண்டி ஓட்டுவதை நாலு பேர் பார்ப்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

“வாணாம்யா. தலைக்கு ஹெல்மெட் இல்ல. காலு கூட தரைக்கு எட்டல,” என்றாள் அவன் மனைவி அருள்மேரி.

“இது இன்னா ஜி.எஸ்.டி. ரோடா? லாரி வருதா, பஸ் வருதா? வுழுந்தாலும் மண்ணுதாம்மே!”

பேபி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள். யேசுதாசன் கைதட்டினான். பிறகு, தெரிந்தவர் ஒருவர் வரவே பேச்சில் திரும்பிக்கொண்டான்.

சட்டென்று வண்டிச் சத்தம் நின்றது. தூரத்தில் புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது. வண்டியைக் காணோம். பிள்ளையையும் காணோம்.

“யேசுவே!” என்று அலறியபடி அருள்மேரிதான் முதலில் ஓடினாள்.

செங்கல் சூளைக்கு மண் வெட்டிய பள்ளம் அது. இரண்டாள் ஆழம். அடியில் மொபெட் கவிழ்ந்து கிடக்க, பக்கத்தில் பேபி ஒருக்களித்துக் கிடந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து காதுக்குள் இறங்கியது. யேசுதாசன் குதித்து அவளைத் தூக்கினான்.

“பேபி! அப்பா வந்துட்டேம்மா! கண்ணத் தொறம்மா!”

அவளை மேலே ஏற்றி, தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

ஆட்டோவில் அருள்மேரி முந்தானையால் மகளின் தலையை அழுத்திப் பிடித்திருந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேபி கண் திறந்தாள். நெற்றியில் ஏழு தையல், இடது கையில் முறிவு.

“வண்டியை உனக்கு யாரும்மா கொடுத்தாங்க?” என்று டாக்டர் கேட்டார்.

பேபி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “நான்தான் கேக்காம எடுத்தேன் சார். பிரேக்கு புடிக்கப் பாத்தேன், வெரலு எட்டல. அப்பாவத் திட்டாதீங்க.”

தலை குனிந்தபடி நின்ற யேசுதாசன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லுது சார். நான்தான் குடுத்தேன். வெரலு எட்டுதான்னு பாக்கல, எங்க பள்ளம் கீதுன்னு பாக்கல. கொழந்த ஆசப்படத்தான் செய்யும். வாணாம்னு சொல்றதுக்குத்தான் அப்பன். ரோடோ, ஏரியோ, புள்ள கையில வண்டியக் குடுத்தா வுழுறது புள்ளதான். குத்தவாளி பெத்தவன் சார்.”