கையை எறக்குடி

கடலை முதன்முதலாகப் பார்த்த சம்பங்கி கேட்டது ஒரே கேள்விதான். "இத்தினி தண்ணிய எறைக்க எத்தினி பம்பு வேணும் மச்சான்?"

மச்சான் ராஜப்பா விழுந்து விழுந்து சிரித்தான். புதுச்சேரிக் கடற்கரையில், கப்பல் பாலத்துப் பக்கம் காற்று வாங்க வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரிக்கிறவனுக்கு என்ன, சுலபமாகச் சிரித்துவிடலாம். கோலார் தங்கவயலில் ஆயிரம் அடிக்குக் கீழே நின்று பாறையைத் துளைக்கிறவனுக்கல்லவா தண்ணீரின் குணம் தெரியும்! பாறை இடுக்கில் ஒரு கசிவு தெரிந்தாலே அங்கே பேச்சு நின்றுவிடும். பம்பு ஒரு நாள் நின்றால் முழங்கால் மட்டும், இரண்டு நாள் நின்றால் அந்தத் தளமே, லெவலே, முழுகிப்போகும். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே வானம் வரைக்கும் தண்ணீர் கிடந்து புரள, அதன் கரையில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் குடை பிடித்துக்கொண்டு உலாத்துகிறார்கள். சம்பங்கிக்கு அது கொஞ்சம்கூடப் பிடிபடவில்லை. அலை வந்து காலைத் தொட்டபோது இரண்டடி பின்வாங்கினான். அவன் மனைவி மங்கம்மாதான் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மூன்று வயது மகள் நாகுவை இடுப்பில் வைத்தபடி தண்ணீருக்குள் விடுவிடுவென்று போனாள்.

நாகுவுக்குக் காது குத்த வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தாய்மாமன் ராஜப்பாவோ புதுச்சேரிப் பஞ்சாலையில் நீலத்துணி நெய்கிறவன். ஆலையை விட்டு வரமாட்டேன் என்றான். சரி, மாமன் வராவிட்டால் மடியைத் தேடி நாம் போவோம் என்று மங்கம்மா புருஷனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ரயிலில் வேலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறார்கள், திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறார்கள். ஊர் பார்க்கப் போனவர்கள் என்று அவர்கள் குடியிருந்த லயன் வீடுகளில் இவர்கள்தான் முதல். ஐந்து நாள் லீவு.

அந்த ஐந்து நாளும் ராஜப்பாவின் அலட்டல் தாங்கவில்லை. இது பிரெஞ்சுக்காரன் ஊர், இங்கே எல்லாமே வேறு என்பான். சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரனைக் காட்டி, "எங்க ஆளு" என்பான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெரு, இந்தப் பக்கம் நம் தெரு. அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான். காது குத்தி முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டுச் சொந்தக்காரர்களெல்லாம் உட்கார்ந்திருந்த நேரத்தில் பேச்சை அவனாகவே எடுத்தான்.

"நாங்கல்லாம் ஓட்டு போடுறவங்க மாப்ள. எலெக்சன் வந்தா எங்க வெள்ளக்காரன் இந்தத் தெருவுக்கே வந்து கும்புடு போடுவான். உங்க வெள்ளக்காரன் இன்னா பண்றான்?"

சம்பங்கி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னான். "சுரங்கத்துக் கேப்டன் துரை என்னைப் பேரு சொல்லித்தான் கூப்புடுவாரு. நான் பாறை தொளைக்கிற மெஷினைப் புடிச்சன்னா அந்த லெவல்ல ஒருத்தன் எதிர்த்துப் பேச மாட்டான். நம்மகிட்ட எவனும் வாலாட்ட முடியாது மச்சான்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். மங்கம்மாவுக்குப் பெருமையென்றால் பெருமை, முகத்தில் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னினாள். மறுநாள் குழாயடியில் அதையே நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவன் சொன்னது பொய்யா என்றால், பொய்யில்லை. கீழே, மெழுகுவத்தி வெளிச்சத்தில், அவன் ராஜாதான். மேலே ஏறி வந்த பிறகு நடப்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புறப்படுகிற நாள் காலையில் ராஜப்பா ரயிலடிக்கு வந்தான். பிரெஞ்சுக்காரன் ஊரிலிருந்து இங்கிலீஷ்காரன் ஊருக்குப் போகிற வண்டி அது. இங்கே மலிவாகக் கிடைக்கிற சாராயமும் பட்டும் தீர்வை கட்டாமல் அங்கே போய்விடக்கூடாது என்று, இங்கிலீஷ் சுங்கத்து ஆட்கள் பிளாட்பாரத்திலேயே மூட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கெடுபிடி ஒன்றும் இல்லை. ஒரு காக்கிச் சட்டைக்காரன் கொட்டாவி விட்டபடி வரிசையாக வந்தான். முன்னால் நின்ற கிழவரின் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். சம்பங்கி எங்கேயோ நினைப்பாக நின்றிருந்தான். நாளைக்குப் பகல் ஷிப்ட்டு, மெஷினை இந்த ஐந்து நாளில் எவன் என்ன பாடுபடுத்தினானோ என்று கவலை. காக்கிச் சட்டை அவன் எதிரில் வந்து நின்றது. கையிலிருந்த பிரம்பு லேசாக உயர்ந்தது. மூட்டையைக் காட்டத்தான் உயர்ந்தது.

சம்பங்கியின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே போயின.

வாய் ஆவென்று திறந்தது. நாக்கு மேலண்ணத்துக்கு மடிந்து அடிநாக்கைக் காட்டியது. ஒரு கை குடுமியை அவிழ்த்து உதறிவிட்டு மறுபடியும் மேலே போனது. வலது காலைப் பின்னால் மடித்து உள்ளங்காலைக் காட்டினான், பிறகு இடது கால். எல்லாம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கை இறங்கி இடுப்பு வேட்டியின் முடிச்சைத் தொட்டபோதுதான் மங்கம்மா, "யோவ்!" என்று கத்தினாள்.

சுங்கத்துக்காரனே ஒரு நிமிஷம் மிரண்டுபோனான். அப்புறம் சந்தேகம் பிடித்துக்கொண்டது. கேட்காமலே வாயைத் திறந்து காட்டுகிறவன் பழகிய களவாணியாகத்தான் இருப்பான் என்று இன்னொருவனையும் கூப்பிட்டான். மூட்டையைப் பிரித்துத் தரையில் கொட்டினார்கள். கருவாடு, நாகுவின் சட்டை, அவள் பொறுக்கிய கிளிஞ்சல், காதுக்குப் போட விளக்கெண்ணெய். வேறொன்றும் இல்லை. பிளாட்பாரமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. யாரோ சிரித்தார்கள். ஐந்து நாளாக அலட்டிய ராஜப்பா மாப்பிள்ளையைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை கேலி செய்திருந்தால்கூடச் சம்பங்கி தாங்கியிருப்பான்.

பதினோரு வருஷப் பழக்கம், என்ன செய்வது! ஷாப்ட்டுக் குழியிலிருந்து ஆளேற்றி வரும் இரும்புக் கூண்டு, கேஜ், மேலே வந்து நின்றதும் ஒரு தகரக் கொட்டகை. அதில் கம்பெனிக் காவலாள், வாச்சர், நிற்பான். வரிசையாக வந்து ஒவ்வொருவனும் கையைத் தூக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், குடுமியை உதற வேண்டும், கால் காட்ட வேண்டும், கடைசியில் துணியை அவிழ்க்க வேண்டும். தங்கக் கல் கடத்துகிறவனே இல்லையா என்றால், இருந்தான், நூற்றில் ஒருவன். அந்த ஒருவனுக்காகத் தொண்ணூற்றொன்பது பேர் தினமும் அம்மணமாக நின்றார்கள். முதல் மாதம் சம்பங்கிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வருஷம் மரத்துப்போயிற்று. அப்புறம் வாச்சர் சொல்லவே வேண்டாம், கை தானாகப் போகும். இதையெல்லாம் எந்த ஆண்பிள்ளையும் வீட்டில் சொன்னதில்லை. அப்படிப் பேசி வைத்துக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஆனால் ஒருவன்கூடச் சொன்னதில்லை.

விழுப்புரத்தில் வண்டி மாறி ஏறினார்கள். திருவண்ணாமலை மலை ஜன்னலில் தெரிந்தபோதும் மங்கம்மா கும்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தெனமுமா?"

"தெனமும்."

"எல்லாரையுமா?"

"துரைங்கள இல்ல."

"துணியும் அவுக்கணுமா?"

சம்பங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே கேழ்வரகுக் கொல்லைகள் ஓடின. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நல்லது என்று பிறர் சொல்லிக் கேட்டிருக்கிறான். தினமும் பூமிக்குள் போகிறவனுக்கு அந்த ஆறுதலும் இல்லை. பதினோரு வருஷம் மரத்துக் கிடந்தது எல்லாம் ஒரே நாளில் உயிர் வந்து வலித்தது.

போளூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். காக்கிக் கோட்டு, தொப்பி. நல்ல மனுஷர்தான், ஒவ்வொருவரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டே வந்தார். இவர்கள் பலகைக்கு வந்து கையை நீட்டினார். சம்பங்கி மடியில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாகு பலகை மேல் எழுந்து நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். வாயை ஆவென்று திறந்து நாக்கை மடித்துக் காட்டினாள். ஒரு காலைப் பின்னால் மடக்கப் போய்த் தடுமாறி அம்மா மடியில் விழுந்து, எழுந்து மறுபடியும் கையைத் தூக்கினாள்.

பெட்டியே சிரித்தது. பரிசோதகரும் சிரித்து, "சமத்து!" என்று கன்னத்தைத் தட்டினார்.

"கையை எறக்குடி!" என்று மங்கம்மா போட்ட கூச்சலில் சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இழுத்தாள். நாகு வீறிட்டு அழுதாள். புதுக்காது வேறு சிவந்து வீங்கியிருந்தது. அவளை மார்போடு இறுக்கிக்கொண்டு மங்கம்மா சொன்னாள்: "எம் பொண்ணு எவனுக்கும் கை தூக்க மாட்டா." அதைச் சொல்லும்போது அவள் பரிசோதகரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் களியும் கருவாட்டுக் குழம்பும் தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் பிடியை விடவில்லை.

"நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது. வேலை போனா போவட்டும்னு சொல்றதுக்கு நம்ம வூட்ல ஒண்ணும் கொட்டிக் கெடக்கல. ஆனா ஷிப்ட்டு வுடுற நேரத்துக்கு நானு சுரங்கத்து கேட்டாண்ட வந்து நிப்பேன். புள்ளயும் வரும்."

"அங்கல்லாம் பொம்பளைங்க வரக்கூடாது."

"எவன் சொன்னான்? வரவுடாம வெச்சிருந்தது ஆம்பளைங்க நீங்கதான்."

அன்றைக்கு முழுக்கச் சம்பங்கி மெஷினோடு மல்லுக்கட்டினான். கூட வேலை செய்த பர்னபாஸ் புதுச்சேரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடல் எப்படி, சாராயம் எப்படி. "பெருசு," என்று மட்டும் சொன்னான் சம்பங்கி. பயம் இருந்தது. அதை மறைப்பானேன். சோதனைக்கு மறுத்தவனைத் தங்கம் வைத்திருப்பவன் என்றுதான் எழுதுவார்கள். பேரை அடிப்பார்கள், லயன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், ஜெயிலுக்கும் அனுப்புவார்கள். இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் பலகை மேல் நின்று கை தூக்குகிற குழந்தைதான் வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரே தடவை பார்த்தாள், போதுமாயிருந்தது.

கேஜ் மேலே வந்து நின்றது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கொட்டகையில் வரிசை நகர்ந்தது. கை ஏறி இறங்க, வாய் திறந்து மூட, ஒவ்வொருவனாகத் துணியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனான். தகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடிக்கிற குரல் கேட்டது. நாகுவா, வேறு யார் வீட்டுக் குழந்தையா, தெரியவில்லை.

சம்பங்கியின் முறை வந்தது. வாச்சர் தடியை உயர்த்தினான். தோள் துடித்ததைச் சம்பங்கி உணர்ந்தான். பதினோரு வருஷமும் சேர்ந்துகொண்டு கையை மேலே இழுத்தது. இரண்டு கைகளையும் தொடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"கை மேலே!" என்றான் வாச்சர்.

"தேடிக்க. வேணான்னு சொல்லல," என்றான் சம்பங்கி. "உனுக்குக் கை கீதுல்ல, தொட்டுத் தேடு. நானா தூக்கிக் காட்ட மாட்டேன். வாயத் தொறக்க மாட்டேன். துணிய அவுக்க மாட்டேன்."

வரிசை நின்றுபோயிற்று. பின்னால் அறுபது பேர், நனைந்த உடம்பும் காய்ந்த வயிறுமாக. "இன்னாடா இது," என்று முணுமுணுத்தான் அடுத்து நின்ற பர்னபாஸ். "பசி உசிரு போவுது. தூக்கித் தொலைச்சிட்டு வாடா."

சம்பங்கி திரும்பவில்லை. வாச்சர் தடியை அவன் முழங்கைக்கு அடியில் கொடுத்துக் கையை மேலே தூக்கினான். தடி இருந்தவரைக்கும் கை இருந்தது. தடியை எடுத்ததும் கை தொப்பென்று தொடையில் விழுந்தது. மறுபடியும் தூக்கினான். மறுபடியும் விழுந்தது. அந்தச் சத்தம் தகரக் கொட்டகை முழுக்கக் கேட்டது.

வாச்சருக்கு முகம் வியர்த்துவிட்டது. இந்த வேலையில் இப்படி ஒன்றை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலைத் தேடி எடுத்தபடி, "நீ வா!" என்று பின்னால் நின்றவனைப் பார்த்துக் கத்தினான்.

பர்னபாஸ் அதற்கு முன்பே, வழக்கம்போல, கையைப் பாதி தூக்கி வாயைத் திறந்து வைத்திருந்தான். ஒரு தரம் சம்பங்கியின் முதுகைப் பார்த்தான். தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தான், அது எப்போது அங்கே போனது என்பதுபோல.

பிறகு வாயை மூடிக்கொண்டான்.