ஒரு ஆணி அளவு இரும்பு

ஆலை முற்றத்தில் கிடந்த தாதுக் குவியல், யாரும் கை வைக்காமலே, ஒரே வாரத்தில் ஐம்பத்தாறு சதவீத இரும்பிலிருந்து அறுபத்தைந்துக்கு ஏறியது. அதே வாரம் ஊரில் கதவுக் கீல்கள் காகிதமாய் மெலிந்தன. வாணலிகளில் வெளிச்சம் ஊடுருவியது. ஐம்பத்தாறை எந்த உருக்காலையும் சீந்தாது. அதை மாவாக அரைத்து, கழுவி, காந்தத்தால் பிரித்து, உருண்டை பிடித்துச் சுட்டால் விலை ஏறும். ஏறிய விலையை மின்கட்டணமே விழுங்கிவிடும். ஆலையை மூடும் அறிவிப்பு மேலாளர் மேசையில் தயாராக இருந்தது. குவியல் ஏறியதும் அவர் அதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் லாரிக் கணக்கு எழுதினார்.

தாதுவைச் சோதித்துச் சான்று தருபவரை ஊரே 'சதவீதம்' என்றுதான் கூப்பிடும். மூன்று முறை சோதித்தார். மூன்று முறையும் அறுபத்தைந்து. கீல்கள் தீர்ந்தபின் மனிதர்களின் முறை வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான அவர் மகள் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ரத்தமாம்மா இது? துணி அலசின தண்ணி மாதிரி இருக்கு" என்றாள் நர்ஸ். வாங்கிவந்த இரும்பு மாத்திரைகள் காலையில் வெறும் சுண்ணாம்பாகக் கிடந்தன.

மறுநாள் சதவீதம், முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக, சான்றில் பொய் எழுதினார்: ஐம்பத்தாறு. விலைபோகாத குவியலுக்குப் பசி அடங்கும் என்று நினைத்தார். ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை முத்திரையிட்டு வாங்குபவருக்கு அனுப்புவது அவரே கொண்டுவந்த முறை. அந்தப் பாதியை மாற்ற அவருக்குத் தோன்றவே இல்லை. வாங்குபவர் சோதித்ததும் அது உண்மையைச் சொல்லிவிட்டது.

"என்ன சதவீதம், ஒரு ஆள் உடம்புல ஒரு ஆணிக்குத்தான் இரும்பு தேறும். அதுக்கா இந்தப் பொய்?" என்றார் மேலாளர்.

"அந்த ஆணியிலதான் சார் ஆளே தொங்குறான்."

மேலாளர் அதைக் குறித்துக்கொண்டார். அன்று மாலை, லாரி ஓட்டும் சதவீதத்தின் மருமகன், கர்ப்பிணி மனைவியைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தாதுவோடு புறப்பட்டார். முப்பதாவது கிலோமீட்டரில், குவியலின் பிடி விட்டதும், அவள் உதடு சிவந்தது. அங்கேயே தங்கினாள்; இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த ஆண்டிலிருந்து கர்ப்பிணிகளை அந்தத் தொலைவில் குடிவைப்பது உற்பத்திச் செலவுக் கணக்கில் ஒரு வரியானது. அரைக்கும் செலவில் அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. மற்றவர்கள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டார்கள். சதவீதம் தினமும் அறுபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெள்ளைத் தாளின்மேல் பேனா மட்டும் நகரும், வெளுத்துப்போன கை தெரியாது.