ஒரு செங்கல் இடம்

என் கையைத் தாண்டி எந்தச் சாமியும் அழுக்கோடு வெளியே போனதில்லை. முருகன் கன்னத்தில் ஒரு புள்ளி, லட்சுமியின் பட்டில் ஒரு கீறல், எதுவானாலும் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டுத்தான் அச்சுப் பிளேட்டுக்கு அனுப்புவேன். திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் ஏழு வருஷமாக அதுதான் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

2006 ஆகஸ்டில் பர்மாவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ஆற்றங்கரைப் புத்தர் கோயில் ஒன்றின் படம். வெள்ளத்தில் பாதி சரிந்து, ஊரார் திரும்ப எடுத்துக் கட்டிய கோயிலாம். படத்தைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீருக்குள்ளிருந்தே படிகள் ஏறின. அதற்கு மேல் மூன்று அடுக்குச் செங்கல் மாடம், உச்சியில் கவிழ்த்து வைத்த மணி போலக் கோபுரம். வாசல் வளைவில் மரமும் இல்லை, கல் உத்தரமும் இல்லை. செங்கலை நிறுத்தி நிறுத்தி அடுக்கியே வளைத்திருந்தார்கள். ஏதோ ஒரு ராஜா கட்டியதாம், எண்ணூறு வருஷமாக நிற்கிறது. எங்கள் வீட்டுக் கூரை எட்டு வருஷத்தில் ஒழுகுகிறது.

ஆனால் சுவரில் எத்தனை குறை! பழைய செங்கலும் புதியதும் சேரும் இடத்தில் கோணலாக ஒரு கோடு. வாசலுக்கு இடப்பக்கம் ஒரு செங்கல் இல்லாமல் பொத்தல், அதற்குள் கரி. மூன்று நாள் உட்கார்ந்து கோட்டை அழித்தேன். பக்கத்துச் செங்கலையே நகல் எடுத்துப் பொத்தலை அடைத்தேன். அடைத்த இடம் எனக்கே தெரியவில்லை.

புரூஃப் பார்க்க வந்தவர் பெத்தணன். தாத்தா காலத்தில் சாத்தூரிலிருந்து பர்மாவுக்குப் போன குடும்பம். அந்தக் கோயிலைத் திரும்பக் கட்டிய கொத்தனார்களில் ஒருவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். "இந்த ஆர்டர் போச்சுன்னா நீயும் கூடவே போயிர வேண்டியதுதான்" என்று முதலாளி மணிகண்டராஜ் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

பெத்தணன் தாளை மேசையில் விரித்தார். கோபுரத்தைப் பார்க்கவில்லை, புத்தரையும் பார்க்கவில்லை. விரல் நேராக வாசலுக்கு இடப்பக்கம் போய் அங்கேயே தடவிக்கொண்டிருந்தது.

"இங்கன ஒரு பொத்தல் இருக்குமே, எங்க?"

"நாந்தான் அடைச்சேன், ஐயா. அசிங்கமா இருந்துச்சு."

"அசிங்கமில்ல தாயி. ஆத்துக்குள்ள விழுந்த செங்கல் அம்புட்டையும் ஊர்ச்சனம் முங்கி முங்கித்தான் எடுத்தோம். எந் தம்பி சங்கையா ஒரு செங்கலுக்கு முங்குனான். அவனும் வரல, செங்கலும் வரல. புதுசா ஒண்ணு சொருகிருவோம்னு நாந்தான் சொன்னேன். பெரிய பிக்கு வேண்டாம்னுட்டாரு. எண்ணூறு வருசம் நின்ன செவுரு, ஒரு செங்கல் இல்லாமலும் நிக்கும், இது அவன் எடம்னாரு. தெனம் அதுல வெளக்கு வைக்கோம்."

அவ்வளவு பெரிய கோயில், ராஜா கட்டிய கோயில், செங்கல் எடுக்கப் போன ஒருத்தனுக்காக ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட்டு நிற்கிறது. அதைத்தான் நான் அழுக்கென்று துடைத்திருக்கிறேன்.

"என்ன காரியம் பண்ணிவச்சிருக்க, எழிலு!" முதலாளி கத்தினார்.

"ஸ்கேன் பண்ணுனது அப்படியே இருக்கு, மொதலாளி. ஒரு மணி நேரம் பொறுத்துக்கோங்க."

புதுப் புரூஃபில் கோணல் கோடும் பொத்தலும் கரியும் இருந்தன. பெத்தணன் அந்தக் கரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். முதலாளி காப்பி சொல்லப் போனார்.

"ஒனக்குக் கூடப்பொறந்தவுக இருக்காகளா, தாயி?"

"ஒரு அக்கா, முருகம்மா. பட்டாசு ஆபீஸ்ல மருந்து அடைக்கிற அறை வெடிச்சுப் போயிட்டா. நாலு வருசமாச்சு."

"எந்த எடத்துல?"

ஜன்னல் வழியே கையை நீட்டினேன். காட்டுக்கு நடுவே வரிசையாக வெள்ளை அறைகள் தெரிந்தன. வெடித்த அறையை இடித்து, அடுத்த சீசனுக்குள் அதே இடத்தில் புதிது கட்டிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். பதினாறும் ஒரே மாதிரி. எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை.