வாரத்துக்கு விட்ட கோழி

கொல்லிமலையில் கோழி வளர்ப்பவள் தனக்காக வளர்க்கிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதி வானத்துப் பருந்துக்கு, கால்வாசி வெருகு என்கிற காட்டுப்பூனைக்கு, மிச்சத்தில் கீரிக்கும் பாம்புக்கும் பங்கு. அதற்கும் மிஞ்சினால் புருஷன் வழிச் சொந்தத்தில் யாராவது விருந்துக்கு வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் கொடுத்தது போக ஒருத்தி வாசலில் நாலு கோழி மேய்ந்தால் அவள் கெட்டிக்காரிதான்.

தேவனூர் நாட்டு ராக்கம்மாள் அப்படிப்பட்ட கெட்டிக்காரி. வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. மலைக்கு ரோடு இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் புளியஞ்சோலை வழியாக இறங்கித்தான் ஏற வேண்டும். பொழுது சாய்வதற்குள் அவள் தாய்க்கோழிகளைக் குஞ்சோடு சேர்த்துக் கொடாப்புக் கூடைக்குள் கவிழ்த்துவிடுவாள். மேலே கல், சுற்றிலும் இண்டமுள். பகலில் வேலிக்கொம்பில் கறுப்புத் துணி ஆடும். அதைக் காக்கை என்று பருந்து நம்பியதோ என்னவோ, அவள் நம்பினாள்.

காடும் மிளகுக்கொடியும் ஆண்களுடையவை. கோழி மட்டும் பெண்களுக்கு. அவளுடைய கோழிகள் எல்லாம் அவள் பிறந்த எடப்புளி நாட்டிலிருந்து, கல்யாணத்தன்று அம்மா கூடையில் வைத்துக் கொடுத்தனுப்பிய கோழிகளின் வம்சம். அந்த வம்சமே ஒருமுறை அழியப் பார்த்தது. கல்யாணமான புதிதில் மாமியாரின் தங்கை வீட்டிலிருந்து பச்சைக் கறியாக ஒரு பங்கு வந்தது. அங்கே கோழிக்குச் சீக்கு வந்ததும், சாவதற்கு முன்னால் அறுத்து உறவுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டார்கள். மலையில் அதுதான் வழக்கம். கறியை வீணாக்குவதும் பாவம், வந்த பங்கை வேண்டாம் என்பதும் பாவம். கறி கழுவிய தண்ணீரையும் குடலையும் கொல்லையில் கொட்டினார்கள், கோழிகள் ஓடி வந்து கொத்தின. சில நாளில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. சாமைக்காட்டுக் குடிசையில் யாருக்கும் தெரியாமல் அடை உட்கார்ந்திருந்த ஒரு கள்ளக்கோழி மட்டும் தப்பியது. சீக்கு பங்கோடு வரும், தூரத்தில் இருப்பதைத் தொடாது என்பதை அன்றைக்கு அவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அம்மா இறந்தாள். ஐப்பசி மழையில் சேதி பிந்தி வந்தது. இவள் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அம்மா முகத்தைக்கூடப் பார்க்காத ஆத்திரத்தில், கூடியிருந்த சனத்துக்கு முன்னால் அண்ணன் சென்றாயனைப் பார்த்து, "எனக்கு ஆள் உட உனக்கு மனசு வரலியா?" என்று கேட்டுவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஆடிக்கு அழைக்க வரவும் இல்லை. புருஷன் சின்னான், "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? பெரியவன்தான, நீயே ஒருக்கா போய்ட்டு வா" என்பான். ராக்கம்மாள் போகவில்லை. போகாமலே தினமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பொழுது சாயக் கோழிகளைக் கூப்பிடும்போது தன் குரல் அம்மாவின் குரலாகக் கேட்கும். அப்படியே நின்றுவிடுவாள்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் சென்றாயன் வந்தான். தலையில் கூடை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா! அவனைப் பார்த்ததும் ராக்கம்மாள் தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். செம்போடு வந்தபோது அவன் கூடையை இறக்கப் போனான்.

"ராக்கு, அங்க சீக்கு வந்துருச்சு. எல்லார் ஊட்டுலயும் வாசல் காலி. அம்மா வளத்ததுல இதுகதான் மிச்சம். நல்லா இருக்கறதாப் பாத்துப் பொறுக்கிக் கொண்டாந்தேன். உன்ற ஊட்டுல இருந்தாப் பொழச்சுக்கும்."

அவள் கூடையின் இடுக்கு வழியே பார்த்தாள். அம்மாவின் மஞ்சள் கோழி சிறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. கூடையின் அடியில் பச்சையும் வெள்ளையுமாக ஒழுகியிருந்தது. பின்னால் வாசலில் அவளுடைய கோழிகள் தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அண்ணா, கூடைய வாசல்ல வெக்காத."

சென்றாயனின் கை பாதியில் நின்றது. "வெக்கப்படாதா?"

"சீக்குக் கோழிண்ணா. நம்ம சாமைக்காட்டுக் குடிசை சும்மாதான் கெடக்குது. அங்க கொண்டு போய் வெப்போம்."

"அம்மா ஊட்டுக் கோழி உன்ற வாசல் மிதிக்கப்படாது. காட்டுல கெடக்கோணும். அப்படித்தான?"

அவனுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருந்தது. பிறந்த வீட்டிலிருந்து வருவது ஒரு படி சாமையானாலும் வாசல் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். வெளியே நிறுத்தினால் ஒதுக்கி வைத்ததாக அர்த்தம். உள்ளேயிருந்து வந்த சின்னான் அவளை ஓரமாகக் கூட்டிப் போய் மெதுவாகச் சொன்னான்.

"ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது புள்ள. மச்சான் இத்தன நாள் கழிச்சு வந்திருக்கறாரு. இப்பத் திருப்பி உட்டா, இனிச் செத்தாலும் வரமாட்டாரு."

"அன்னைக்குக் கறிப் பங்கு வந்தப்பவும் வேண்டாம்னு சொல்ல யாருக்கும் வாய் வரலீங்க. அப்பறம் என்னாச்சு?"

அண்ணன் கூடையைத் திரும்பவும் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் அம்மா கொடுத்த கோழி வம்சம், இன்னொரு பக்கம் அம்மா பெற்ற அண்ணன். எதை விடுவாள்? ராக்கம்மாள் கொடியில் கிடந்த கம்பளியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"நானும் குடிசைக்கு வாரேன். அதுக கண் முழிக்கற வரைக்கும், இல்ல கண் மூடற வரைக்கும், அங்கயேதான் இருப்பேன். அம்மா ஊட்டுக் கோழி வெளிய கெடந்தா, மகளும் வெளிய கெடக்கறேன். போதுமாண்ணா?"

சென்றாயன் அவளையே பார்த்தான். பிறகு சாமைக்காட்டுப் பக்கம் நடந்தான்.

சீக்கு காலோடும் வரும் என்று அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. வீட்டுக்கும் குடிசைக்கும் நடுவே ஓடுகிற ஓடையின் பாறையில் சின்னான் களியை வைத்துவிட்டுப் போவான். அவன் போன பிறகு அவள் எடுத்துக்கொள்வாள். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள், வேப்பங்கொழுந்து எல்லாவற்றையும் கல்லில் நசுக்கி உருட்டினாள். அண்ணன் கோழியின் அலகைப் பிரித்துப் பிடிக்க, அவள் உருண்டையை உள்ளே தள்ளினாள். ஊர் திரும்பியிருக்க வேண்டியவன் முள் வெட்டி வேலி கட்டினான், வெருகு வராமல் குடிசை வாசலில் தீ மூட்டினான். போகிற பேச்சையே எடுக்கவில்லை.

சின்ன வயதில் இருவரும் இப்படித்தான் காவல் குடிசையில் கிடந்தார்கள். கிளி விரட்டக் கவண்கல் பொறுக்கியதும், கிழங்கு சுட்டுத் தின்று வாய் கறுத்ததும், அம்மா மேட்டில் நின்று கோழியைக் கூப்பிடுகிற அதே மூச்சில் இவர்களையும் கூப்பிட்டதும் பேச்சில் வந்தன. அம்மாவுக்குப் பிள்ளையும் ஒன்றுதான், கோழியும் ஒன்றுதான். பொழுது சாய்ந்தால் எல்லாம் அடைய வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ப்பா... ப்பா... ப்பா..." சின்னான் ராக்கம்மாளின் கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆண்பிள்ளைக் குரலுக்கு எந்தக் கோழி அடங்கும்? முதலில் கெஞ்சினான், பிறகு அதட்டினான், கடைசியில் கோழிகளின் பாட்டன் முப்பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டினான். இங்கே அண்ணனும் தங்கையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோது சென்றாயன் தீயைக் கிளறிக்கொண்டே சொன்னான்.

"ஆள் உட்டேன் ராக்கு. அம்மா மூச்சு நின்ன ஒடனே உட்டேன். பள்ளத்துல வெள்ளம். போனவன் பாதியில திரும்பிட்டான். தண்ணி வடியத்தான் மறுபடி உட முடிஞ்சுது."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தேன். நீ அத்தன சனத்துக்கு முன்னால கேட்டுட்ட."

ராக்கம்மாள் முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

கோழிகள் பிழைக்கவில்லை. மருந்துக்கும் மனசுக்கும் கட்டுப்படுகிற சீக்கு இல்லை அது. கடைசியாக மஞ்சள் கோழி ராக்கம்மாளின் மடியிலேயே தலை சாய்ந்தது. ஒன்றையும் அறுக்கவில்லை, யாருக்கும் பங்கு வைக்கவில்லை. சென்றாயன் இடுப்பளவு குழி வெட்டினான். எல்லாவற்றையும் போட்டுச் சாம்பல் கொட்டி, மண் மூடி, நரி தோண்டாமல் கல்லும் முள்ளும் அடுக்கினார்கள். குடிசையையும் கூடையையும் கொளுத்திவிட்டு, ஓடையில் முழுகித் துணி துவைத்துக் காய வைத்தார்கள். அன்றைக்கு ஓடைக்கு அப்பால் அவளுடைய கோழிகள் எல்லாம் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தன. நல்ல தீனி இல்லாமல் கொஞ்சம் இளைத்திருந்தன, அவ்வளவுதான். அது சின்னானின் கைராசி.

புறப்படும்போது அவள் அண்ணனிடம் சொன்னாள். "ஊட்டுக்குப் போனதும் கோழிக்கூண்டக் கொளுத்திரு. வாசல வழிச்சு மெழுகி, நல்லா வெயில் காய உடு. சித்திரை கழிஞ்சு வா. எங்கிட்ட இருக்கறதுல குஞ்சும் பெட்டையும் தாரேன்."

வைகாசியில் வந்தான். அவள் கூடையில் இளம்பெட்டைகளையும் ஒரு சேவலையும் வைத்துத் தயாராக நீட்டினாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம் ராக்கு. பொறந்த ஊட்டுக்குப் பொண்ணு சீர் தந்தான்னு ஊரு சிரிக்கும். நான் உனக்குத் தரோணும். உங்கிட்ட வாங்கப்படாது."

அம்மா வீட்டு வாசலில் கோழி இல்லை என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவனோ மலை மாதிரி நிற்கிறான். ராக்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆரு சீர் தந்தது? வாரத்துக்கு உடறேன். நீ வளத்து, பொரிக்கற குஞ்சுல பாதிய எங்கிட்டத் தரோணும். ஊரு ஒலகத்துல இல்லாததா? வருசா வருசம் நீயேதான் கொண்டாரோணும். ஆள் கிட்டக் குடுத்து உட்டா வாங்க மாட்டேன்."

சென்றாயன் தங்கையைப் பார்த்தான், பிறகு சின்னானைப் பார்த்தான். "வாரம்னா வாரந்தான் மச்சான். நாணயம் தப்பப்படாது" என்று சின்னான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னான். அண்ணன் கூடையை வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் சென்றாயன் குஞ்சுக்கூடையோடு வந்தான். வந்தால் இரண்டு நாள் தங்குவான். தன் பங்கை எண்ணிக்கூடப் பார்க்காமல் ராக்கம்மாள் அவனுக்குச் சோறு போடுவதிலேயே குறியாக இருப்பாள்.

ஒரு வருஷம் வெறுங்கையோடு வந்தான். வெயிலில் ஏறி வந்த மூச்சு அடங்காமல் வாசலில் நின்றான்.

"இந்த வருசம் அத்தனையும் கூமுட்டையாப் போச்சு ராக்கு. ஒரு குஞ்சுகூடப் பொரிக்கல. பங்கு ஒண்ணும் இல்ல."

"அப்பறம் எதுக்குண்ணா இத்தன தூரம் ஏறி வந்த?"

"சும்மா வந்தேன். உன்னப் பாக்கோணும் போல இருந்துச்சு."

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா வாரதுக்கு உனக்கு இத்தன வருசம் ஆச்சாண்ணா?" என்று கேட்டுவிட்டு, அவன் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.