ஆதிமூலம் அடித்த பசலி

கிட்டே வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் மரியாதை குறைந்துவிடாது. ஒரே ஒரு சொல்லைப் பேனாவால் அடித்துத் தன் சொந்தத் தங்கையின் வயதை ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்குக்கு மேல் ஏற்றிவிட்ட அண்ணன் ஒருவன் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அடக்கினால் விக்கல் வரும்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார் ஆதிமூலம். எடையில் ஒரு கிராம் குறைக்கமாட்டார். குறையென்று சொன்னால் ஒன்றுதான்: செல்போனில் எது வந்தாலும் நம்பிவிடுவார். போன சித்திரையில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருவர், ஊர் பேர் தெரியாது, விரலை நீட்டி நீட்டிப் பேசினார். “ஆற்காட்டு நவாப் போய்விட்டான். ஆனால் அவன் வார்த்தைகள் இன்னும் உன் வாயில் குடக்கூலி கொடுக்காமல் குடியிருக்கின்றன. துரத்து!” என்றார்.

ஆதிமூலத்துக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பௌர்ணமிக்கே அண்ணாமலையைச் சுற்றக் கிளம்பி, இந்திர லிங்கத்தின் முன்னால் நின்று சபதம் செய்தார். நவாப் விட்டுப்போன உருது, பாரசீகச் சொல் ஒன்றுகூட இனி வாயில் வராது. வந்தால், சொல்லுக்கு மூன்று தோப்புக்கரணம், பிள்ளையார் முன்னால், நாலு பேர் பார்க்க. ‘தூய நாவு மன்றம்’ என்று ஒன்றும் ஆரம்பித்தார். மொத்தம் எட்டுப் பேர். செல்போன் கடைக்காரர் கோபிதான் செயலாளர், ஏனென்றால் படம் பிடிக்க அவருக்குத்தான் தெரியும்.

முதல் சோதனை சாப்பாட்டில் வந்தது. மனைவி பாஞ்சாலை கேட்டாள்: “குழம்புல உப்பு ஜாஸ்தியா, கம்மியா?”

“மிகுதி” என்றார் ஆதிமூலம்.

“மீதி குண்டான்ல இருக்குது. முதல்ல போட்டதைத் துன்னுங்க.”

கடையில் தராசு என்று சொல்லக்கூடாதாம், துலாக்கோலாம். “துலாக்கோலை எடுப்பா” என்று அவர் கத்தினால், வேலையாள் மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு ஓடிவருவான். இதெல்லாம் வீட்டோடு, கடையோடு போயிருந்தால் கதையே இல்லை. நடுவில் தங்கையின் நிலம் வந்தது.

தங்கை உண்ணாமலை. அப்பா இறந்ததிலிருந்து கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரில் வேர்க்கடலை போட்டு, களை பறித்து, மாடு விரட்டி, தனியாகவே பாடுபடுகிறவள். ஆனால் பட்டாவில் இன்னும் அப்பா பெயர்தான். ஒரு வருஷம் இறப்புச் சான்று கிடைக்கவில்லை. ஒரு வருஷம் அண்ணனுக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணன் மனசில் கிணறு ஒரு ஓரமாகக் கிடந்து உறுத்துகிறது என்று அவளுக்குத் தெரியும். ‘நிலம் உனக்கு’ என்பார், கிணற்றைப் பற்றிக் கேட்டால் இருமல் வந்துவிடும். இந்த வருஷம் எப்படியோ மனு கொடுக்க ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பெயரில் பட்டா இருந்தால்தான் மோட்டார் மானியத்துக்கு எழுதிப்போட முடியும். அடுத்த வருஷம் அண்ணன் மனசு எந்தப் பக்கம் சாயுமோ, அது அண்ணாமலையாருக்கே தெரியாது.

பட்டா மாற்ற நல்ல நாள் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை, கத்திரி வெயில் அடங்கும் சமயத்தில், தாலுகா ஆபீசில் அதிகாரி உட்கார்ந்து ஊர் ஊராகக் கூப்பிட்டு நிலப் பதிவைச் சரிபார்ப்பார். மனு கொடுத்தால் சின்ன விஷயத்தை அங்கேயே தீர்த்துவிடுவார். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள், அங்கே எனக்கும் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது.

ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகையில் கம்ப்யூட்டர் வைத்து மனு அடித்துத் தருபவள் ஷம்ஷாத். வீட்டில் உருது பேசுவாள், தமிழில் எம்.ஏ. வாங்கியவள். உண்ணாமலைக்கு வேறு யாரிடமும் நம்பிக்கை கிடையாது. அண்ணனை நேரே அங்கே இழுத்துப்போனாள். பின்னாலேயே கோபி, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. ‘நாட்டின் முதல் தூய தமிழ் மனு’ என்று நேரலை ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தேழு பேர் பார்த்தார்கள்.

ஆதிமூலம் நாற்காலியில் உட்காராமலே கேட்டார்: “ஏம்மா, நீங்கள்லாம் இந்த ஊருக்கு எப்ப வந்தீங்க?”

“காலைல ஒம்பதேகால் பஸ்லண்ணா. டயர் பஞ்சர், இல்லாட்டி ஒம்பதுக்கே வந்திருப்பேன்.”

“அதைக் கேக்கலை. நவாப்போட குதிரை எங்க முப்பாட்டன் வயலை மிதிச்சுது. அதைச் சொல்றேன்.”

“நவாப் குதிரை மட்டுமா மிதிச்சுது? ஐதர் அலி குதிரையும்தான் மிதிச்சுது. இந்த மலையடிவாரத்துல ரெண்டு பேரும் மோதிக்கினாங்க இல்ல, அப்ப நவாப் பக்கம் இங்கிலீஷ்காரன் பீரங்கி, ஐதர் பக்கம் ஐதராபாத் நிஜாம். மூணு முஸ்லிம், ஒரு வெள்ளைக்காரன், அடிவாங்க நம்ம ஊரு ஆளுங்க. உங்க முப்பாட்டன் எந்தக் குதிரைக்குப் புல்லு வித்தாரோ?”

“எல்லாத்துக்கும் வித்திருப்பாரு” என்றாள் உண்ணாமலை. “எங்க வம்சம் அப்படித்தான். அக்கா, நீ அடி. நேரமாவுது.”

ஆதிமூலம் நிபந்தனை போட்டார். நவாப் வார்த்தை ஒன்றும் கூடாது. ஷம்ஷாத்துக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அவளோ சந்தோஷமாகக் கை விரல்களைச் சொடுக்கினாள். படித்த தமிழுக்கு ரொம்ப நாள் கழித்து வேலை வந்திருக்கிறது! தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். வாரிசு மரபுரிமையர் ஆனது. நகல் படி ஆனது. ஜமாபந்தி, ‘நிலவரித் தீர்வாய ஆண்டுத் தணிக்கை’ என்று வாசற்படியில் இடிக்கும் அளவுக்கு நீண்டுவிட்டது.

“பஸ்ஸு, டயரு, பஞ்சர், இதுக்கெல்லாம் தோப்புக்கரணம் இல்லையாண்ணா?” என்று அடித்துக்கொண்டே கேட்டாள்.

“அது வேற. அது சயின்ஸு.”

ஒரு இடத்தில் மட்டும் அவள் விரல் நின்றது. ‘பசலி 1431 முதல் என் தங்கை உண்ணாமலை மேற்படி நிலத்தில் பயிர் செய்து வருகிறாள்.’

“இந்தப் பசலியை மட்டும் தொடாதீங்கண்ணா. வருவாய்த் துறைக்கு வருஷம் ஜூலையில பொறந்து ஜூன்ல முடியும். அந்த வருஷத்துக்குப் பேரு பசலி, 1431ன்னா நம்ம கணக்குல 2021. பசல்னா விளைச்சல். அக்பர் காலத்துல பிறையைக் கணக்குப் பாத்து வரி கேட்டிருக்காங்க, வயல்ல நெல்லு பச்சையா நின்னுருக்குது. சந்திரனுக்கு நெல்லு விளையாதுன்னு புரிஞ்சு, அறுவடைக்குத் தோதா வருஷத்தை மாத்தினாங்க. ஆற்காட்டான் போயி, வெள்ளைக்காரன் போயி, எல்லாரும் போயும் அந்த வருஷம் மட்டும் இந்த ஆபீஸ்ல ஓடிக்கினே இருக்குது.”

“விளைச்சல் ஆண்டுன்னு போடு.”

“போட்டா உள்ளே வெளங்காது. சொல்லிட்டேன்.”

ஆதிமூலம் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டார். ஆனால் வரிசையில் நின்றபோது கோபி மனுவைக் கேமராவுக்குக் காட்டச் சொன்னார். முப்பத்தேழு பேர் பார்க்கிறார்கள். நடுவில் பசலி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தங்கை தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டார். எண்ணைத் தொடவில்லை. எண் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஊர்ப் பெயர் கூப்பிட்டார்கள். மேசையில் கிளார்க் சகாதேவன். மனுவை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து இன்னொருமுறை படித்தார். பிறகு உண்ணாமலையை மேலும் கீழும் பார்த்தார்.

“அம்மா, 1431லேர்ந்து நீங்கதான் பயிர் பண்றீங்களா?”

“ஆமாங்க.”

“ஐந்நூத்தித் தொண்ணூத்தி நாலு வருஷமா?”

“இன்னாது?”

“அப்ப நம்ம கோயில் ராஜகோபுரமே கட்டலைம்மா. அதைக் கட்ட ஆரம்பிச்ச கிருஷ்ணதேவராயரே பொறக்கலை. உங்களைப் பாத்தா வயசு அவ்ளோ தெரியலை. இன்னா எண்ணெய் தேய்க்கிறீங்க?”

கூடம் முழுக்கச் சிரித்தது. உண்ணாமலை மனுவைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு கோடும் அண்ணன் பேனாவின் பச்சை மையில் இருந்தன. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

சகாதேவன் நல்ல மனிதர்தான், ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். “சார், அடிச்சுத் திருத்தின மனுவை அப்படியே வாங்க முடியாது. ஒண்ணு, புது மனு எழுதிக்கினு அடுத்த ஜமாபந்திக்கு வாங்க. இல்லாட்டி, அடிச்ச இடத்துக்கு மேல அதே வார்த்தையை உங்க கையால எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. உங்க ஊரு இன்னும் அஞ்சு நிமிஷத்துல முடியுது.”

“விளைச்சல் ஆண்டுன்னு எழுதலாமா?”

“கம்ப்யூட்டர்ல அந்தப் பேர்ல ஆண்டு இல்லை சார். பசலின்னா கதவு திறக்கும். வேற எதுக்கும் திறக்காது.”

ஆதிமூலம் பேனாவைத் திறந்தார். மூடினார். கோபி செல்போனோடு இன்னும் ஒரு அடி கிட்டே வந்தார். “தலைவரே, இப்ப நூத்திப்பத்துப் பேர் பாக்கறாங்க. விட்டுக்கொடுக்காதீங்க!”

உண்ணாமலை கோபியின் பக்கம் திரும்பவே இல்லை. நகக்கண்ணில் செம்மண் ஒட்டிய கையால் மனுவை அண்ணன் முன்னால் வைத்து நேராக்கினாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் செல்போனுக்கு நன்றாகவே கேட்டது.

“அண்ணா, நவாப் நம்ம நெலத்தைப் புடுங்கினானா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் அப்ப இல்லை. கிளார்க் சார் இன்னா சொன்னாலும் சரி, நான் அப்ப இல்லை. நவாப் புடுங்காம வெச்சிட்டுப் போனதை நீ புடுங்கிடாதே.”

பேனாவின் மூடி மறுபடி திறந்தது.

ஆதிமூலம் எழுதினார். ப. ச. லி. மூன்று எழுத்தையும் பிள்ளைகள் சிலேட்டில் எழுதுவதுபோல் அழுத்தி எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மனு அதிகாரி அம்மாவிடம் போனது. அவர் நிமிர்ந்து பார்த்தார். “பிரிச்சுக் குடுக்கறதுல உங்களுக்கு முழுச் சம்மதம்தானா? உங்க வாயாலயே சொல்லுங்க.”

ஒரு மாதமாக வாயில் பூட்டுப் போட்டு வைத்திருந்த மனுஷன். பூட்டு போனதும் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“சம்மதம்மா. தகராறு ஒண்ணும் கிடையாது. வாரிசுச் சான்று இருக்குது. அசல் இருக்குது, நகல் இருக்குது. கிஸ்தி கட்டின ரசீது இருக்குது. கெணத்தோட சேத்து ஒரு ஏக்கர் என் தங்கச்சிக்கு. நான் ராஜி. நாளைக்கு வாபஸ் வாங்கமாட்டேன்.”

கெணத்தோட. அந்தச் சொல் காதில் விழுந்ததும் உண்ணாமலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது சுத்தத் தமிழ்ச் சொல்தான். ஆனால் அண்ணன் வாயிலிருந்து அதை வெளியே கொண்டுவர அத்தனை நவாப் சொற்களும் முன்னால் நடந்து வழி விலக்க வேண்டியிருந்தது.

அதிகாரி அம்மா பச்சை மையில் உத்தரவு எழுதினார். கோபி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“எட்டு, தலைவரே. பசலியை எழுதினீங்க, சொல்லலை. அது சேத்தியா?”

“சேத்தி” என்றார் ஆதிமூலம். எடையில்தான் குறைக்கமாட்டாரே.

ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். சொல்லுக்கு மூன்று, ஆக இருபத்தேழு. ஆதிமூலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காதைப் பிடித்தார். நேரலை இன்னும் ஓடியது. இப்போது நானூறு பேர் பார்த்தார்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பாஞ்சாலை வீட்டிலிருந்து பார்த்து, ‘நல்லா குனியச் சொல்லுங்க’ என்று எழுதிப்போட்டாள்.

ஷம்ஷாத் கொட்டகையிலிருந்து டீ டம்ளரோடு வந்தாள். “சபாஷ்ண்ணா!”

“அக்கா, அதுவும் நவாப் வார்த்தை” என்றார் கோபி.

“எனக்குச் சபதம் இல்லைப்பா.”

பத்தொன்பதாவதில் ஆதிமூலத்துக்கு மூச்சு வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருபத்தாறு வரை வந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரிப்பதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. “உங்களுக்கெல்லாம் இது தமாஷா இருக்குதா?”

“தமாஷ்!” என்றாள் உண்ணாமலை. “முப்பது.”

“ஏய், பேஜார் பண்ணாதே!”

“முப்பத்தி மூணு.”

வாயைத் திறக்காமல் மீதியை முடித்தார் ஆதிமூலம். முடித்ததும் ஷம்ஷாத் டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். ‘சர்க்கரை’ என்று ஆரம்பித்தவர், நாக்கு நுனிவரை வந்த ‘ஜாஸ்தி’யை விழுங்கிவிட்டுக் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை மானியத்துக்கு எழுதிப்போட்டார்கள். பட்டாவில் உண்ணாமலை பெயர் முழுசாக இருக்கிறது. பக்கத்தில் பசலியும் இருக்கிறது, யாரும் அடிக்கவில்லை.

போய் வாங்க, கண்ணுங்களா. உங்கள் வீட்டுப் பத்திரத்தில் பெயரெல்லாம் பிழையில்லாமல் நிற்கட்டும். உங்கள் கிணற்றில் தண்ணீர் ஊறட்டும், கூடப் பிறந்தவர்கள் அந்தத் தண்ணீரையே குடிக்கட்டும். உங்கள் வீட்டில் சிரிப்பு ஜாஸ்தியாகவும் சண்டை கம்மியாகவும் இருக்கட்டும்.