மின்னோட்டத்துக்குத் திசை

சங்கரன்கோவில் பள்ளியில் பிளஸ் டூ வகுப்பு. அனுராதா டீச்சர் ஒவ்வொரு அளவாகச் சொல்ல, பிள்ளைகள் அது ஸ்கேலரா வெக்டரா என்று சொல்லவேண்டும். நிறை ஸ்கேலர், விசை வெக்டர் என்று போய்க்கொண்டிருந்தது. மின்னோட்டம் என்றதும், கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் மெஹர்பானு எழுந்து, "ஸ்கேலர், டீச்சர்" என்றாள்.

"கரண்டுக்கு அம்புக்குறி போடுதோமா இல்லியா?"

"போடுதோம் டீச்சர். ஆனா..."

"திசை இருந்தா வெக்டர். இதுகூடத் தெரியாம நீட் எழுதப் போறியாக்கும்! உக்காரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அனுராதாவுக்குப் பிடித்துமிருந்தது.

மதியம் தேர்வுக்குக் கேள்வி எடுக்கப் பாடநூலைப் புரட்டியபோது அந்த வரி கண்ணில் பட்டது. மின்னோட்டம் ஸ்கேலர்தான். திசை இருந்தால் மட்டும் போதாது. வெக்டர்கள் கூடும் விதிப்படி கூடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இழுக்கும் மூன்று நியூட்டனும் நான்கு நியூட்டனும் சேர்ந்தால் ஐந்து. ஆனால் மூன்று ஆம்பியரும் நான்கு ஆம்பியரும் எந்தக் கோணத்தில் வந்து சேர்ந்தாலும், கம்பிகளின் சந்திப்பைத் தாண்டிப் போவது ஏழுதான். பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடினாள். நாளைக்கு யார் பேரும் சொல்லாமல் திருத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், "ஏட்டி ஸ்கேலர் டாக்டர், ஒன் பஸ் வந்துட்டு!" என்று இரண்டு பிள்ளைகள் கூப்பிட்டுச் சிரித்தார்கள். மெஹர்பானு தலையைத் திருப்பாமல் பஸ்ஸை நோக்கி நடந்தாள். சற்றுத் தள்ளி நின்ற அனுராதாவுக்குக் காது சுட்டது. போய்ப் பேசியிருக்கலாம். பூக்கடைப் பக்கம் திரும்பி, வேண்டாத பூவுக்கு விலை கேட்டாள்.

மறுநாள் பேரைச் சொல்லியே ஆரம்பித்தாள். "நேத்து மெஹர்பானு சொன்னதுதான் சரி. நான் தப்பாச் சொன்னதுமில்லாம, அவளக் கேலியும் பண்ணிட்டேன்." போர்டில் சந்திப்பை வரைந்தாள். "நீ வந்து சொல்லுதியா?"

"வேண்டாம் டீச்சர். நீங்களே சொல்லுங்க."

சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் மெஹர்பானு மேசையருகே வந்தாள்.

"டீச்சர், நேத்து பஸ் ஸ்டாண்டுல நிக்கும்போதே நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்க பூக்கடைப் பக்கம் திரும்புனதப் பாத்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மன்னிச்சிரு மக்கா."

"சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் போனாள்.

அனுராதா கையில் சாக்பீஸோடு அடுத்த பிரிவுக்கு நடந்தாள். போன வாரம் அங்கேயும் கரண்டு வெக்டர் என்றுதான் நடத்தியிருந்தாள். அங்கே யாரும் எழுந்து மாற்றிச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.